பதில் சொல்லும் டூப், கணக்கு வைக்கும் டூப்

"எஸ்எம்எஸ் சர்வீஸை மாக் பண்ணிட்டேன்" என்பார்கள். திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது ஸ்டப். மென்பொருள் சோதனை எழுதுகிறவர்களோடு பல வருடங்களாக வேலை செய்கிறேன்; வாரத்துக்கு ஒரு முறையாவது இந்த வாக்கியம் காதில் விழுந்துவிடும். பெயரில் என்ன இருக்கிறது, வேலை நடந்தால் சரி என்று சொல்பவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான். பெயர் குழம்பியதால் எதைச் சோதித்தோம், எதைச் சோதிக்காமல் விட்டோம் என்பதே தெரியாமல் போன ஒரு நாளைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்வதில்லை. அந்த நாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் யூனிட் டெஸ்ட். பாடநூல்களில் இதற்கு 'அலகுச் சோதனை' என்று பெயர். நிரலின் ஒரு சிறு துண்டைத் தனியே எடுத்து, இன்னதைக் கொடுத்தால் இன்னது வருகிறதா என்று இன்னொரு சிறு நிரலைக் கொண்டு பார்ப்பது. சரியாக வந்தால் திரையில் பச்சை, தவறினால் சிவப்பு. 1990களில் கென்ட் பெக் ஸ்மால்டாக் மொழிக்காக இப்படியொரு கருவி எழுதினார். 1997-ல் அவரும் எரிக் காமாவும் சூரிச்சிலிருந்து அட்லாண்டா போகிற விமானத்தில் உட்கார்ந்து அதை ஜாவாவுக்காக எழுதினார்கள். அதுதான் ஜேயூனிட். அதன் வழியாகத்தான் இந்தப் பழக்கம் பரவியது. இன்று ஒரு சுமாரான நிறுவனத்திலேயே ஆயிரக்கணக்கில் சோதனைகள் இருக்கும். ஒருவர் ஒரு வரி மாற்றினால் அத்தனையும் ஓடி முடிய வேண்டும். அதனால் ஒவ்வொன்றும் சில மில்லி விநாடிகளில் முடிந்தாக வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், எந்த நிரல் துண்டும் தனியாக வாழ்வதில்லை. மின்கட்டணம் கட்டும் ஒரு செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'பில் போடு' என்று ஒரு துண்டு. அது மீட்டர் கணக்கு இருக்கும் தரவுத்தளத்திடம் போய், இந்த இணைப்புக்கு எத்தனை யூனிட் என்று கேட்கும். வந்த யூனிட்டை வைத்துத் தொகையைக் கணக்கிடும். வங்கிக்குப் போகும் பேமென்ட் கேட்வேயிடம் அந்தத் தொகையை எடுக்கச் சொல்லும். கடைசியில் எஸ்எம்எஸ் சேவையிடம் வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பச் சொல்லும். நாம் எழுதியது நடுவில் இருக்கும் கணக்கு மட்டும்தான். சுற்றிலும் இருக்கும் மூன்று பேர் வெளியாட்கள்.

இந்த மூவரையும் நிஜமாகவே வைத்துக்கொண்டு சோதிக்க முடியுமா? தரவுத்தளத்துக்கு நேரம் பிடிக்கும். கேட்வே நிஜப் பணத்தை எடுத்துவிடும். எஸ்எம்எஸ் யாரோ ஒருவர் கைபேசியில் போய் விழும். நம் நிரலில் ஒரு பிழையும் இல்லாதபோதுகூட, நெட்வொர்க் இருமினால் சோதனை சிவப்பாகிவிடும். இன்னொன்றும் உண்டு. வங்கி பதில் தராமல் தொங்கினால் நம் நிரல் என்ன செய்யும் என்று பார்க்க வேண்டுமென்றால், வங்கியிடம் போய் 'கொஞ்சம் தொங்குங்கள்' என்று கேட்க முடியாது.

ஆகவே அவர்கள் இடத்தில் ஆள் மாற்றி நிறுத்துகிறோம்.

கதாநாயகன் மாடியிலிருந்து குதிக்க வேண்டிய காட்சியில் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறொருவர் குதிப்பாரே, அவரைச் சினிமாக்காரர்கள் டூப் என்பார்கள். சோதனை உலகத்தின் சொல்லும் அதே இடத்திலிருந்து வந்ததுதான். ஜெரார்ட் மெஸ்ஸாரோஸ் 2007-ல் வெளியிட்ட 'எக்ஸ்யூனிட் டெஸ்ட் பேட்டர்ன்ஸ்' என்ற தடிமனான நூலில், நிஜத்துக்குப் பதிலாக நிற்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'டெஸ்ட் டபுள்' என்று பொதுப்பெயர் வைத்தார். சண்டைக் காட்சியின் 'ஸ்டன்ட் டபுள்' என்ற சொல்லை மனதில் வைத்து வைத்த பெயர் அது. நாம் தாராளமாக 'டூப்' என்றே சொல்லலாம். பொருள் ஒரு துளியும் மாறாது.

மெஸ்ஸாரோஸ் டூப்பில் ஐந்து வகை பிரித்தார். டம்மி என்பது சிறுவர் விளையாட்டில் உப்புக்குச் சப்பாணி மாதிரி. தலைக்கணக்குக்கு நிற்கும், யாரும் அதைக் கூப்பிட மாட்டார்கள். ஃபேக் உண்மையிலேயே வேலை செய்யும், ஆனால் எளிய முறையில். வட்டில் எழுதாமல் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும் சின்னத் தரவுத்தளம் போல. ஸ்பை என்கிற ஒற்றன் நடந்ததைக் குறித்து வைத்துக்கொண்டு, கேட்டால் பின்னால் சொல்லும். மிச்சம் இருக்கும் ஸ்டப், மாக் இரண்டும்தான் எல்லோரும் குழப்பிக்கொள்பவை. என் கட்டுரையும் அவற்றைப் பற்றியதுதான்.

ஸ்டப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஸ்டப் என்றால் அடிக்கட்டை என்று பொருள், பழைய சொல். பெரிய நிரலை மேலிருந்து கீழாகக் கட்டிய 1970களில், இன்னும் எழுதி முடிக்காத பகுதியின் இடத்தில் ஒரு கட்டையை நட்டு வைப்பார்கள். கிளென்ஃபோர்ட் மையர்ஸ் 1979-ல் எழுதிய 'தி ஆர்ட் ஆஃப் சாஃப்ட்வேர் டெஸ்டிங்' நூலிலேயே அதற்கு இடம் உண்டு. வேலை ஒன்றுதான்: கேட்டால், முன்கூட்டியே சொல்லிக்கொடுத்த பதிலைத் திருப்பிச் சொல்வது.

நம் மின்கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம். சோதனை இப்படி இருக்கும். தரவுத்தளத்தின் இடத்தில் ஒரு ஸ்டப்பை நிறுத்தி, "யார் எந்த இணைப்பைக் கேட்டாலும் 450 என்று சொல்" என்று பழக்குகிறோம். 'பில் போடு' துண்டை ஓட்டுகிறோம். அது ஸ்டப்பிடம் கேட்கிறது. ஸ்டப் 450 என்கிறது. துண்டு கணக்குப் போடுகிறது. கடைசியில் நாம் விடையை எடுத்துப் பார்க்கிறோம்: 1,750 ரூபாய் வந்திருக்கிறதா? வந்திருந்தால் பச்சை. இதே ஸ்டப்பை 100 என்று சொல்ல வைத்தால் தொகை 0 வர வேண்டும். 101 என்றால் 5. பதிலே வராமல் பிழை எழுப்ப வைத்தால், 'மீட்டர் கணக்கு கிடைக்கவில்லை' என்று துண்டு நாகரிகமாகச் சொல்ல வேண்டும். எல்லைக்கோட்டில்தான் பிழைகள் குடியிருக்கும். அந்தக் கோட்டுக்கு நம்மை நொடியில் கொண்டுபோய் விடுவது ஸ்டப்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சோதனையின் தீர்ப்பில் ஸ்டப்புக்குப் பங்கே இல்லை. அதை ஒரு முறை கேட்டார்களா, பத்து முறை கேட்டார்களா, எந்த இணைப்பு எண்ணைச் சொல்லிக் கேட்டார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நாம் பார்ப்பது கடைசியில் வந்து நின்ற நிலையை. நடந்த விதத்தை யாரும் பார்க்கவில்லை.

இப்போது நான் சொன்ன அந்த நாள். கட்டணம் கட்டும் செயலி ஒன்றை நடத்திய நிறுவனத்தில் அப்போது இருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து ஓர் அழைப்பை எங்களுக்குத் திருப்பிவிட்டார்கள். ஒரு பெரியவர். "தம்பி, ஒரு தடவைதான் அழுத்தினேன். ரெண்டு தடவை பணம் போயிருக்கு" என்றார். கோபமே இல்லாத குரல். தன்மேல்தான் தப்போ என்ற சந்தேகம் அதில் இருந்தது. மதியத்துக்குள் அதே புகார் இன்னும் பலரிடமிருந்து வந்துவிட்டது. கார்டு விவரத்தைச் சேமித்து வைத்துக் கட்டியவர்கள் எல்லோருக்கும் இரண்டு முறை பணம் எடுக்கப்பட்டிருந்தது.

காரணம் எளிது. யாரோ பணம் எடுக்கும் வரியை ஒரு தனித் துண்டுக்கு மாற்றி எழுதியிருந்தார். பழைய இடத்திலிருந்த வரியை நீக்க மறந்துவிட்டார். ஒரு பாதையில் மட்டும் இரண்டு வரியும் ஓடின. அதற்குச் சோதனை இல்லையா என்றால், இருந்தது. பச்சையாகவும் இருந்தது. அதில் கேட்வேயின் இடத்தில் நின்ற டூப்பின் பெயர் 'மாக் கேட்வே'. உள்ளே பார்த்தால் அசல் ஸ்டப்: பணம் எடு என்று யார் சொன்னாலும் 'வெற்றி' என்று பதில் சொல்லும். இரண்டு முறை சொன்னபோதும் இரண்டு முறை 'வெற்றி' என்று சொன்னது. கடைசி நிலை 'கட்டணம் செலுத்தப்பட்டது'. சோதனை பார்த்ததும் அதை மட்டும்தான். மாற்றத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திட்ட இரண்டு பேரில் நானும் ஒருவன். 'மாக்' என்ற பெயரைப் பார்த்ததும், எத்தனை முறை பணம் எடுக்கப்படுகிறது என்பதை அது எண்ணும் என்று நம்பிவிட்டேன்.

அங்கே நிற்க வேண்டியிருந்தது உண்மையான மாக்.

மாக் செய்யும் வேலை வேறு மாதிரி. சோதனை தொடங்கும் முன்பே அதற்கு ஓர் எதிர்பார்ப்பைச் சொல்லிவைக்கிறோம்: "உன்னை ஒரே ஒரு முறைதான் கூப்பிடுவார்கள். இந்தக் கார்டிலிருந்து 1,750 ரூபாய் எடு என்றுதான் கூப்பிடுவார்கள். வேறு தொகை சொன்னாலோ, இரண்டாம் முறை கூப்பிட்டாலோ, கூப்பிடாமலே விட்டாலோ சோதனையைச் சிவப்பாக்கு." ஸ்டப் கேள்விக்குப் பதில் சொல்லும் ஆள். மாக், தன்னிடம் யார் எப்படி வந்தார்கள் என்று கையில் பட்டியலோடு வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆள். தீர்ப்பு அதனிடம்தான் இருக்கிறது. முன்னதற்கு நிலையைச் சரிபார்த்தல் என்றும், பின்னதற்கு நடத்தையைச் சரிபார்த்தல் என்றும் பெயர்.

'கார்டில் பணம் எடு' என்பது போன்ற வேலையில் நடத்தைதான் விளைவு. எங்கள் நிரலுக்குள் எந்த மாறியைத் திறந்து பார்த்தாலும் அந்தப் பெரியவரின் இரண்டாவது 1,750 ரூபாய் தெரியாது. அது நடந்தது வங்கியில். நம் பக்கத்தில் அதற்கு மிச்சமிருக்கும் ஒரே தடயம், நாம் கூப்பிட்ட அழைப்பு. அழைப்பை எண்ணாவிட்டால் வேறு எதை எண்ணியும் பயனில்லை.

மாக் பிறந்த கதையும் இதையேதான் சொல்கிறது. 1990களின் கடைசியில் லண்டனில் கனெக்ஸ்ட்ரா என்றொரு சிறு நிறுவனம். அதன் தொழில்நுட்பத் தலைவர் ஜான் நோலன் தன் நிரலாளர்களுக்கு ஒரு சவால் வைத்தார்: ஒரு பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க உதவும் 'கெட்டர்' என்ற வழிகளே இல்லாமல் நிரல் எழுதுங்கள். ஒரு பொருள் இன்னொரு பொருளிடம் வேலையைச் சொல்ல வேண்டுமே தவிர, அதன் உள் விவரத்தைக் கேட்டு வாங்கித் தானே முடிவெடுக்கக் கூடாது என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் எட்டிப் பார்க்கும் ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டால் சோதிப்பது எப்படி? கடைசி நிலையைப் பார்க்கவே வழி இல்லையே. அப்போதுதான் தோன்றியது: உள்ளே பார்க்க முடியாவிட்டால், அது பேசும் ஆளாக நாம் போய் நின்றுகொள்வோம். அது நம்மிடம் என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொண்டால் போதும்.

டிம் மெக்கின்னன், ஸ்டீவ் ஃப்ரீமன், பிலிப் கிரெய்க் மூவரும் இதைக் கட்டுரையாக எழுதி, 2000-ல் இத்தாலியின் சார்டினியா தீவில் நடந்த எக்ஸ்பி (எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்) மாநாட்டில் வைத்தார்கள். தலைப்பு 'எண்டோ டெஸ்டிங்', உள்ளிருந்து சோதித்தல். சோதனை வெளியே நின்று பார்ப்பதை விட்டு, நிரலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆக, ஸ்டப்பின் குறையைத் தீர்க்க வந்த மேம்பட்ட ஸ்டப் என்று மாக்கை நினைப்பது தவறு. பொருள்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேச வேண்டும் என்ற ஒரு வடிவமைப்புக் கொள்கையிலிருந்து பிறந்தது அது.

சொல் பரவிய வேகத்தில் பொருள் பின்தங்கிவிட்டது. 2004-ல் மார்ட்டின் ஃபௌலர் 'மாக்ஸ் ஆர்ன்ட் ஸ்டப்ஸ்' என்று தலைப்பிட்டே ஒரு கட்டுரை எழுத வேண்டி வந்தது. மாக் வேறு, ஸ்டப் வேறு என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார். அப்படியும் குழப்பம் தீரவில்லை. அதற்கு ஒரு பெரிய காரணம் நாம் கையில் வைத்திருக்கும் கருவிகளே. ஜாவாவின் மாக்கிட்டோ என்ற நூலகத்தில் ஸ்டப் வேண்டுமென்றாலும் மாக் வேண்டுமென்றாலும் 'மாக்' என்ற ஒரே கட்டளைதான். பைத்தானில் 2012-ல் 3.3 பதிப்போடு உள்ளேயே வந்துவிட்ட நூலகத்துக்கும் மாக் என்றே பெயர். அந்தக் கட்டளையால் பிறந்த டூப்புக்குப் பதில் மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு நிறுத்தினால் அது ஸ்டப். அழைப்பையும் சரிபார்த்தால்தான் மாக்கின் வேலை நடக்கிறது. கருவி வைத்த பெயர் பிறப்பைச் சொல்கிறது, நடத்தையைச் சொல்வதில்லை. எங்கள் 'மாக் கேட்வே'க்கு அந்தப் பெயர் வந்ததும் இப்படித்தான்.

இதைப் படித்துவிட்டு எல்லா இடத்திலும் மாக்கை நிறுத்த வேண்டும் என்று யாராவது கிளம்பினால், தயவுசெய்து வேண்டாம். நாங்கள் அதையும் செய்தோம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பயந்துபோய், கண்ணில் பட்ட எல்லாவற்றையும் மாக் ஆக்கினோம். தரவுத்தளத்தை ஒரே முறைதான் கேட்க வேண்டும், முதலில் இணைப்பு எண், பிறகு பெயர், அதே வரிசையில் கேட்க வேண்டும் என்றெல்லாம் எழுதி வைத்தோம். சில மாதம் கழித்து ஒருவர் இரண்டு கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து நிரலை வேகப்படுத்தினார். தொகை எங்கும் மாறவில்லை. வாடிக்கையாளருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. சோதனைகள் மட்டும் திரை நிறையச் சிவப்பாகின. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு சோதனையையும் திறந்து, புதிய வரிசைக்கு ஏற்றபடி எதிர்பார்ப்பைத் திருத்தி எழுதினார். நிரலைப் பார்த்துச் சோதனையைத் திருத்துகிறோம் என்றால், அதன் பிறகு அந்தச் சோதனை எந்தப் பிழையையும் பிடிக்கப் போவதில்லை. நிரல் என்ன செய்கிறதோ அதையே மறுபடி எழுதிவைத்த பிரதி, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் உலகமே இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறது. முடிந்தவரை நிஜப் பொருளையே வைத்துக்கொள், சங்கடமான இடத்தில் மட்டும் டூப் போடு, நிலையைப் பார் என்பவர்களை ஃபௌலர் 'கிளாசிக்கல்' என்றார். சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் மாக் ஆக்கி, உரையாடலை வைத்தே வடிவமைப்பைக் கண்டுபிடி என்பவர்கள் 'மாக்கிஸ்ட்'. பிறந்த ஊரை வைத்து அவர்களுக்கு லண்டன் பள்ளி என்றும் பெயர். ஃபௌலர் தன்னை முதல் கட்சி என்றே சொல்லிக்கொண்டார். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

ஆனால் நாளும் கைகொடுக்கும் விதியை எனக்குத் தந்தவர்கள் லண்டன்காரர்களே. ஸ்டீவ் ஃப்ரீமனும் நாட் பிரைஸும் 2009-ல் எழுதிய நூலில் ஒரு வழி சொல்கிறார்கள்: கேள்வியை அனுமதி, கட்டளையை எதிர்பார். 'எத்தனை யூனிட்?' என்பது கேள்வி. பத்து முறை கேட்டாலும் உலகத்தில் எதுவும் மாறாது. அங்கே ஸ்டப் போதும். எத்தனை முறை கேட்டார்கள் என்று எண்ணுவது வீண் கெடுபிடி. 'பணத்தை எடு', 'எஸ்எம்எஸ் அனுப்பு' என்பவை கட்டளை. ஒவ்வொரு முறையும் வெளியே ஏதோ ஒன்று நிஜமாக மாறுகிறது. அங்கே மாக் வேண்டும். ஒரே சோதனையில் மீட்டர் கணக்குக்கு ஸ்டப்பும் கேட்வேக்கு மாக்கும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம், நிற்கவும் வேண்டும். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு எங்கள் சோதனைகளைத் திருப்பி எழுதியபோது, எண்ணிக்கை பார்க்கும் இடங்கள் ஒரு சிலவாகக் குறைந்தன. அந்த ஒரு சில இடங்களும் உயிர்நாடியான இடங்கள்.

மாக்குக்கு இன்னொரு பலவீனம் உண்டு. அது பலருக்குத் தெரியாது என்பதால் இங்கே சொல்லியாக வேண்டும். பைத்தானின் மாக், எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் 'வந்தேன்' என்று சொல்லும். இல்லாத செயலைக் கேட்டாலும் அந்த நொடியே அதை உருவாக்கிக் கொடுத்துவிடும். அதற்காகத்தான் அது வசதி. அதே வசதி விஷமாகவும் மாறும். 'ஒரே முறை கூப்பிடப்பட்டாயா?' என்று சரிபார்க்கும் வரியை எழுத்துப்பிழையோடு எழுதினால், அந்தப் பிழையான பெயரிலும் ஒரு செயலை உருவாக்கிக்கொண்டு அது மௌனமாக இருந்துவிடும். சரிபார்ப்பு நடக்கவே இல்லை, திரையில் பச்சை. இந்தத் தொல்லை பெரிதாகி, பைத்தான் 3.5-ல் 'அசெர்ட்' என்று தொடங்கும் தெரியாத பெயர் எதுவாக இருந்தாலும் பிழை எழுப்பும்படி மாற்றினார்கள். எழுத்து இடம் மாறி 'அஸ்ரெட்' என்று அடித்துவிடும் விரல்களையும் நினைவில் வைத்து, அதையும் சேர்த்துத் தடுத்தார்கள். நிஜப் பொருளின் வடிவத்தைப் பார்த்து, அதில் இல்லாததைக் கேட்டால் மறுக்கும் 'ஆட்டோஸ்பெக்' என்ற முறையும் அதில் உண்டு. பைத்தானில் எழுதுகிறவர்கள் அதைப் பயன்படுத்தாமல் மாக் போடக் கூடாது என்பேன்.

ஆட்டோஸ்பெக்கும் பெயரையும் உருவத்தையும்தான் ஒப்பிடும், குணத்தை ஒப்பிடாது. ஸ்டப்போ மாக்கோ, அது சொல்லும் பதில் நிஜ ஆளும் சொல்வதுதானா என்பதற்கு டூப்பிடம் ஆதாரமே கிடையாது. அது நாம் சொல்லிக்கொடுத்த பதில். நாம் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், டூப் அந்தத் தவறை நம்மிடமே பணிவாகத் திருப்பிச் சொல்லும். அதனால்தான் ஃப்ரீமன் குழுவினர் 2004-ல் எழுதிய இன்னொரு கட்டுரையில், உனக்குச் சொந்தமில்லாத பொருளை மாக் செய்யாதே என்றார்கள். வெளியாளின் குணம் நமக்கு முழுதாகத் தெரியாது. அதற்கு முன்னால் நமக்குச் சொந்தமான ஒரு மெல்லிய உறையைப் போட்டு, அந்த உறைக்கு டூப் போடு. உறையை மட்டும் நிஜ ஆளோடு சேர்த்துத் தனியாகச் சோதி. டூப்பிடம் கேட்கும் அதே கேள்விகளை அவ்வப்போது நிஜத்திடமும் கேட்டு, இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஒப்பந்தச் சோதனை என்ற முறையும் இருக்கிறது. இவற்றுக்கு நேரம் ஆகும், தினமும் ஓட்ட முடியாது, செலவு உண்டு. அதனாலேயே எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு ராக்கெட் சாட்சி. 1996 ஜூன் 4. தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளம். ஐரோப்பாவின் ஏரியன் 5 முதல் முறையாகக் கிளம்பியது. உள்ளே பூமியின் காந்த மண்டலத்தை ஆராயப் போகிற நான்கு கிளஸ்டர் விண்கலங்கள். ஏவும் வரிசை தொடங்கி சுமார் 40 விநாடி. உயரம் சுமார் 3,700 மீட்டர். ராக்கெட் பாதை மாறித் திரும்பி, உடைந்து, வெடித்தது.

ராக்கெட் எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று சொல்வதற்கு நிலைமக் குறிப்பு அமைப்பு என்றொரு கருவி உண்டு. அதன் மென்பொருளை ஏரியன் 4-லிருந்து எடுத்து ஏறக்குறைய அப்படியே வைத்திருந்தார்கள். அதில் கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு 64 பிட் எண்ணை 16 பிட் எண்ணாகச் சுருக்கும் இடம் ஒன்று. 16 பிட்டில் அடங்கும் பெரிய எண் 32,767. ஏரியன் 4-ன் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாகாது. ஏரியன் 5 கிடைமட்டத்தில் வெகு வேகமாக நகரும் ராக்கெட், எண் அடங்கவில்லை. மாற்றுக் கருவி முதலில் விழுந்தது. மறுகணமே முதன்மைக் கருவியும் அதே காரணத்தால் விழுந்தது. விழுந்த கருவி அனுப்பிய பிழைக் குறிப்பை, பறப்புத் தகவல் என்று முதன்மைக் கணினி எடுத்துக்கொண்டது. ராக்கெட் உண்மையில் செய்யாத ஒரு விலகலைத் திருத்துவதற்காக அதன் முனைக்குழாய்களைக் கடைசி வரை திருப்பியது. அந்த எண்ணைக் கணக்கிட்ட பகுதிக்குத் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு ஏரியன் 5-ல் எந்த வேலையும் இல்லை என்பதுதான் இதில் நெஞ்சை அறுக்கும் விஷயம்.

இவ்வளவு பெரிய திட்டத்தில் சோதனை இல்லாமலா இருக்கும்? ராக்கெட்டின் முழுக் கட்டுப்பாட்டையும் தரையிலேயே ஓட்டிப் பார்க்கும் ஒரு பெரிய பாவனைக்கூடம் இருந்தது. முதன்மைக் கணினி நிஜம். அதன் நிரல் நிஜம். ஆனால் நிலைமக் குறிப்பு அமைப்பு மட்டும் அங்கே இல்லை. அதன் இடத்தில் அதுபோலப் பதில் சொல்ல எழுதிய ஒரு மென்பொருள் இருந்தது. நம் வகைப்பாட்டில் அதை ஃபேக் என்று சொல்லலாம். டூப் போட்டதற்கு அவர்களிடம் நியாயமான காரணங்கள் இருந்தன. அந்தக் கருவி தனியாகச் சோதிக்கப்பட்டுத் தேறிவிட்டது. நிஜக் கருவிக்குத் தேவையான துல்லியமான சமிக்ஞையைக் கூடத்தில் உண்டாக்குவது கடினம். கருவி பழுதானால் என்ன ஆகும் என்று பார்க்க மாதிரிதான் வசதி. நாங்கள் கேட்வேக்கு டூப் போட்டதற்குச் சொன்ன காரணங்களும் ஏறக்குறைய இவைதான். அந்த டூப் நிஜக் கருவியைப் போலவே பதில் சொன்னது. 32,767-ஐத் தாண்டினால் விழுந்துவிடும் என்ற குணம் மட்டும் அதற்குச் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. கருவியைத் தனியாகச் சோதித்தபோதும் ஏரியன் 5-ன் பாதையைக் கொடுத்து யாரும் சோதிக்கவில்லை.

கணிதவியலாளர் ஜாக் லூயி லியோன்ஸ் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அதே ஆண்டு ஜூலை 19-ல் அறிக்கை வந்தது. நிலைமக் குறிப்பு அமைப்பு ஏறக்குறைய முழுவதையும் அந்தப் பாவனைக்கூடத்தில் சேர்த்தே சோதித்திருக்க முடியும் என்று குழு எழுதியது. விபத்துக்குப் பிறகு அதைப் போன்ற ஒன்றைச் செய்தும் பார்த்தார்கள். டூப்பை எடுத்துவிட்டு அந்த அமைப்பின் நிஜ மென்பொருளையே கணினியில் வைத்து, அன்றைக்கு ராக்கெட் பறந்த பாதையின் தரவைக் கொடுத்து ஓட்டினார்கள். ஜூன் 4 அன்று அந்த அமைப்பை விழவைத்த நிகழ்வுகள் எல்லாம் தரையிலும் அப்படியே மறுபடி நடந்தன.